படிவத்தில் இல்லாத கட்டம்: எம்.எஸ்.எஸ். எதிர் பெல்ஜியம், கிரீஸ்

2008 டிசம்பர் 7. கிரீஸின் லெஸ்போஸ் தீவில் மிட்டிலினி என்ற துறைமுக ஊர். அங்கே ஓர் ஆப்கானியரிடம் போலீஸ் கைரேகை எடுத்தது. ஒரு வாரம் அடைத்து வைத்தார்கள். பிறகு நாட்டை விட்டு வெளியேற வேண்டும் என்று உத்தரவு கொடுத்து விட்டுவிட்டார்கள். அவர் பிரான்ஸ் வழியாகப் பெல்ஜியம் போய்ச் சேர்ந்தார். கைரேகையோ யூரோடாக் என்ற ஐரோப்பியப் பொதுப் பதிவேட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டது. அடுத்த இரண்டு ஆண்டுகள் அவருக்கு என்ன நடந்தது என்பதை அந்த ரேகைதான் தீர்மானித்தது.

பின்னாளில் பெல்ஜியத்தின் மீதும் கிரீஸின் மீதும் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றத்தில் அவர் தொடுத்த வழக்கில் அவர் பெயர் எம்.எஸ்.எஸ். என்ற மூன்று எழுத்துதான். 1971இல் பிறந்தவர். காபூலில் இருந்த சர்வதேச விமானப் படையினருக்கு மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தவர். அதற்காகவே தாலிபான்கள் தன்னைக் கொல்ல முயன்றார்கள் என்று சொன்னார், வேலை பார்த்ததற்கான சான்றிதழ்களையும் காட்டினார். 2008 தொடக்கத்தில் காபூலை விட்டுக் கிளம்பி ஈரான், துருக்கி வழியாக வந்தார். கூட்டிவந்த ஏஜென்சிக்காரருக்கு 12,000 டாலர் கொடுத்ததாகவும், அடையாளப் பத்திரங்களை அந்த ஆளே வாங்கி வைத்துக்கொண்டதாகவும் சொன்னார். ஏன் பெல்ஜியம் என்று கேட்டபோது, ஆப்கானிஸ்தானில் சந்தித்த பெல்ஜிய வீரர்கள் நல்லவர்களாகத் தெரிந்தார்கள் என்றார். 2009 பிப்ரவரி 10 அன்று, கையில் ஒரு பத்திரமும் இல்லாமல், தானாகவே போய்ப் பெல்ஜிய வெளிநாட்டவர் அலுவலகத்தில் புகலிடம் கேட்டார்.

ரேகையைப் பதிவேட்டில் தட்டிப் பார்த்தார்கள். லெஸ்போஸ் என்று வந்தது.

ஐரோப்பாவில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் ‘டப்ளின் கேஸ்’ என்ற சொல்லைக் கேள்விப்படாதவர்கள் குறைவு. டப்ளின் விதி என்பது அகதியா இல்லையா என்று முடிவு செய்யும் சட்டம் அல்ல. அந்த முடிவை எந்த நாடு எடுக்க வேண்டும் என்று சொல்லும் சட்டம். அப்போது நடைமுறையில் இருந்தது 2003ஆம் ஆண்டு விதி, அதாவது டப்ளின் இரண்டு. அதன்படி ஒருவர் அனுமதியில்லாமல் முதலில் எந்த நாட்டு எல்லை வழியாக ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் நுழைந்தாரோ, அந்த நாடுதான் பொறுப்பு. வேறு நாட்டில் போய்க் கேட்டாலும் அங்கேயே திருப்பி அனுப்பலாம். கடலோரத்தில் இருக்கும் கிரீஸ், இத்தாலி, மால்டா போன்ற நாடுகளின் தலையில் இது எவ்வளவு பாரத்தை ஏற்றும் என்று விதியை எழுதியவர்களுக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

இந்த விதியில் ஒரு ஜன்னலும் உண்டு. மூன்றாம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவுப்படி, இன்னொரு நாடு பொறுப்பாக இருந்தாலும், ஒரு நாடு விரும்பினால் விண்ணப்பத்தைத் தானே எடுத்து விசாரிக்கலாம். யாரையும் கேட்க வேண்டியதில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், வழக்கு கடைசியில் இதில்தான் போய் நிற்கிறது.

பெல்ஜியத்தில் நான்கு மாதங்கள்

மார்ச் 18 அன்று பெல்ஜியம் கிரீஸுக்கு எழுதியது: இவர் உங்கள் ஆள், எடுத்துக்கொள்ளுங்கள். பதில் சொல்ல இரண்டு மாதம் அவகாசம். பதில் வரவில்லை. பதில் வராவிட்டால் சம்மதம் என்று கொள்ளலாம் என்று விதியே சொல்கிறது. மே 19 அன்று நாட்டை விட்டு வெளியேற உத்தரவு போட்டார்கள். பிரஸ்ஸல்ஸ் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஸ்டீனாக்கர்சீல் என்ற இடத்தில் உள்ள மூடிய முகாமில் அவரை அடைத்தார்கள்.

இடையில் ஒரு கடிதம் வந்திருந்தது. ஏப்ரல் 2 அன்று, ஐக்கிய நாடுகள் அகதிகள் ஆணையம் பெல்ஜியத்தின் குடியேற்றத் துறை அமைச்சருக்கே நேரடியாக எழுதிய கடிதம். கிரீஸில் புகலிட நடைமுறையும் அங்கே வருபவர்களை வைத்திருக்கும் நிலையும் மோசமாக இருக்கின்றன, அங்கே ஆட்களை அனுப்புவதை நிறுத்துங்கள் என்று அதில் இருந்தது. வெளிநாட்டவர் அலுவலகத்துக்கும் ஒரு நகல் போயிருந்தது. இந்தக் கடிதம் கையில் இருக்கும்போதுதான் மே மாத உத்தரவு எழுதப்பட்டது.

இந்தத் தீர்ப்பில் நான் திரும்பத் திரும்பப் போய் நிற்கும் இடம் ஒன்று உண்டு. கிரீஸுக்கு அனுப்பினால் என்ன ஆகும் என்ற பயத்தை அவர் தன் இன்டர்வியூவிலேயே சொல்லவில்லை, பிறகு எங்களைக் குறை சொல்வது நியாயமா என்று பெல்ஜிய அரசு வாதிட்டது. நீதிமன்றம் அந்த இன்டர்வியூவுக்கான படிவத்தை எடுத்துப் பார்த்தது. வேறு விவரங்களை நிரப்ப இடம் இருக்கிறது. அந்த நாட்டுக்கு அனுப்புவதில் உங்களுக்கு ஏதாவது ஆட்சேபம் உண்டா என்று எழுத ஒரு கட்டம் இல்லை. அதிகாரி கேட்கவில்லை, ஏனென்றால் படிவம் கேட்கவில்லை. பிறகு ‘நீ சொல்லவில்லையே’ என்பதையே வாதமாக வைத்தார்கள்.

அரசு அலுவலகங்களில் வரிசையில் நின்ற யாருக்கும் இது புரியும். நமக்கு ஒரு சிக்கல் இருக்கும், அதை எழுத விண்ணப்பத்தில் இடம் இருக்காது. எழுதப்படாததால் கோப்பில் அந்தச் சிக்கலே இருக்காது.

முகாமிலிருந்து, கிரீஸுக்கு அனுப்புவதற்கு அவசரத் தடை கேட்டு, அவர் தரப்பில் பெல்ஜியத்திலேயே மனுப் போட்டார்கள். விசாரணை பற்றிய தகவல் வழக்கறிஞருக்குக் கிட்டத்தட்டக் கடைசி நேரத்தில்தான் போனது, அவரால் வர முடியவில்லை. வழக்கறிஞர் ஆஜராகவில்லை என்று மனுத் தள்ளுபடியானது. மே 29 அன்று விமானத்தில் ஏற்றப் பார்த்தபோது அவர் ஏற மறுத்துவிட்டார். ஜூன் 4 அன்று கிரீஸிலிருந்து ஒரு தாள் வந்தது, எல்லோருக்கும் அனுப்பும் அதே அச்சு வாசகம்: பொறுப்பு எங்களுடையதுதான், இவர் விரும்பினால் வந்து சேர்ந்ததும் புகலிட விண்ணப்பம் கொடுக்கலாம். பெல்ஜியம் இதைத்தான் பின்னாளில் ‘கிரீஸ் கொடுத்த உத்தரவாதம்’ என்று சொன்னது.

ஜூன் 11 அன்று ஸ்ட்ராஸ்பூர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றத்துக்குப் போனார். அங்கும் இடைக்காலத் தடை கிடைக்கவில்லை. கிரீஸ் தன் கடமையைச் செய்யும் என்று நம்புகிறோம் என்பதுதான் பதில். ஜூன் 15 அன்று விமானம் ஏதென்ஸுக்குக் கிளம்பியது.

ஏதென்ஸ்

இறங்கியவுடன் விமான நிலையத்தை ஒட்டிய கட்டடத்தில் அடைத்தார்கள். சின்ன அறை, கூட இன்னும் 20 பேர். கழிப்பறைக்குப் போகக் காவலர் மனம் வைக்க வேண்டும். வெளிக்காற்று கிடையாது. சாப்பாடு கொஞ்சம். அழுக்கு மெத்தை, இல்லையென்றால் வெறும் தரை. அவர் சொன்னதை மட்டும் வைத்து நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. அந்த இடத்துக்குப் போய்ப் பார்த்த அமைப்புகளின் அறிக்கைகளோடு ஒப்பிட்டுப் பார்த்தது. அவற்றில் ஒன்று, 110 சதுர மீட்டர் இடத்தில் 145 பேர் இருந்ததைப் பதிவு செய்திருக்கிறது. சில அறைகளில் 14 முதல் 17 பேருக்கு ஒரே ஒரு கட்டில். எல்லோரும் ஒரே நேரத்தில் படுக்கவே இடமில்லாத அறைகள் அவை.

மூன்று நாள் கழித்து விட்டார்கள். ‘பிங்க் கார்டு’ என்று சொல்லப்படும் புகலிட விண்ணப்பதாரர் அட்டை கொடுத்தார்கள். கூடவே ஒரு அறிவிப்பு: இரண்டு நாளுக்குள் பெட்ரூ ராலி சாலையில் உள்ள போலீஸ் தலைமையகத்துக்கு வந்து உங்கள் முகவரியைத் தெரிவிக்கவும்.

அவருக்கு முகவரி ஏது? பணமும் இல்லை, தெரிந்தவரும் இல்லை. ஏதென்ஸ் நடுவில் ஒரு பூங்காவில் மற்ற ஆப்கானியர்களோடு போய்ப் படுத்தார். சொல்ல முகவரி இல்லாததால் போலீஸிடம் போகவில்லை. பின்னாளில் கிரேக்க அரசு, ‘இவர் வந்து சொல்லியிருந்தால் தங்குமிடம் தேடிக் கொடுத்திருப்போம்’ என்றது. முகவரி இருப்பவர்கள்தான் வர வேண்டும் என்று அந்த அறிவிப்பைப் படித்தவர் புரிந்துகொண்டதில் தவறில்லை என்றது நீதிமன்றம். தவிர, அப்போது கிரீஸ் முழுவதும் வரவேற்பு மையங்களில் இருந்த இடங்கள் ஆயிரத்துக்கும் குறைவு. விண்ணப்பம் கொடுத்துக் காத்திருந்தவர்கள் பல்லாயிரம் பேர்.

ஆகஸ்ட் 1 அன்று அவர் கிரீஸை விட்டு வெளியேறப் பார்த்தார். விமான நிலையத்தில் பிடிபட்டபோது கையில் இருந்தது போலியான ஒரு பல்கேரிய அடையாள அட்டை.

கொஞ்சம் நின்று அந்த அட்டையைப் பார்க்க வேண்டும். பல்கேரியா 2007இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தது. உண்மையான பல்கேரியக் குடிமகன் ஒருவர் அதே அட்டையை நீட்டியிருந்தால், 2004ஆம் ஆண்டு குடிமக்கள் நடமாட்ட நெறிமுறைப்படி, கிரீஸிலிருந்து பெல்ஜியம் போய், காரணம் எதுவும் சொல்லாமல் மூன்று மாதம் தங்கலாம். விசா வேண்டாம். ஐரோப்பாவுக்குள் எல்லை என்பது ஒரே கோடு அல்ல, யார் கடக்கிறார் என்பதைப் பொறுத்து அதன் உயரம் மாறும். இவருக்கு அந்த அட்டை கொடுத்தது மறுபடியும் அதே கட்டடத்தில் ஏழு நாள் அடைப்பும், ஒத்திவைக்கப்பட்ட இரண்டு மாதச் சிறைத் தண்டனையும்தான். இந்த முறை காவலர்கள் அடித்ததாகவும் சொன்னார்.

அந்த ஆண்டு டிசம்பரில் போலீஸ் தலைமையகத்துக்குப் போய் அட்டையைப் புதுப்பித்துக்கொண்டார். தங்க இடமில்லை என்று அப்போது எழுதியும் வாங்கிக்கொண்டார்கள், இடம் வரவில்லை. 2010 ஜூனில் மறுபடி புதுப்பிக்கப் போனபோது ஒரு தாளைக் கொடுத்தார்கள். புகலிட இன்டர்வியூவுக்கு ஜூலை 2 அன்று வர வேண்டும் என்று அதில் இருந்தது. தாள் முழுக்கக் கிரேக்க மொழி. கூட இருந்த மொழிபெயர்ப்பாளர் இன்டர்வியூ தேதி பற்றி எதுவும் சொல்லவில்லை என்றார் இவர். போர்க்களத்தில் அடுத்தவர்களுக்காக மொழிபெயர்த்து, அதனாலேயே ஊரை விட்டு ஓட வேண்டிவந்த மனிதர், தன் வாழ்க்கையைத் தீர்மானிக்கும் இன்டர்வியூவை ஒரு தேதி மொழிபெயர்க்கப்படாததால் இழந்தார்.

போயிருந்தாலும் என்ன கிடைத்திருக்கும்? 2008இல் கிரீஸில் முதல் கட்ட விசாரணையிலேயே அகதி அந்தஸ்து பெற்றவர்கள் 0.04 சதவீதம், அதாவது 11 பேர்.

பழைய வழக்கு ஒன்று

இங்கே பத்து ஆண்டு பின்னால் போக வேண்டியிருக்கிறது. எம்.எஸ்.எஸ். வழக்கு நின்ற சட்ட அடித்தளத்தை ஓர் இலங்கைத் தமிழர்தான் போட்டார். அவர் பெயரும் எழுத்துகள்தான்: டி.ஐ. இலங்கையில் அனுபவித்த சித்திரவதையைச் சொல்லி ஜெர்மனியில் புகலிடம் கேட்டார், மறுத்துவிட்டார்கள். பிறகு பிரிட்டன் போனார். பிரிட்டன் அவரை டப்ளின் ஒப்பந்தப்படி ஜெர்மனிக்கே திருப்பி அனுப்பப் பார்த்தது. ஜெர்மனி என்னை இலங்கைக்கு அனுப்பிவிடும், ஆகவே நீங்கள் ஜெர்மனிக்கு அனுப்புவதும் என்னை இலங்கைக்கு அனுப்புவதும் ஒன்றுதான் என்பது அவர் வாதம்.

2000 மார்ச்சில் அவர் தோற்றார். ஜெர்மனியில் அவருக்கு வேறு பாதுகாப்பு வழிகள் உண்டு என்றது ஸ்ட்ராஸ்பூர்க் நீதிமன்றம். ஆனால் அந்தத் தீர்மானத்தில் எழுதப்பட்ட ஒரு கொள்கை தங்கிவிட்டது: நாடுகள் தங்களுக்குள் ஒப்பந்தம் போட்டுப் பொறுப்பைப் பிரித்துக்கொண்டாலும், ஆளை அனுப்பும் நாட்டின் மனித உரிமைக் கடமை அதனால் மறைந்துவிடாது. இடையில் ஒரு நாடு இருப்பதும் அந்தக் கடமையிலிருந்து விடுவிக்காது. தோற்றுப்போன அந்தத் தமிழரின் வழக்கைப் பிறகு வந்த டப்ளின் வழக்குகளெல்லாம் மேற்கோள் காட்டின.

அப்புறம் 2008 டிசம்பர் 2 அன்று, எம்.எஸ்.எஸ். லெஸ்போஸில் ரேகை வைப்பதற்கு ஐந்து நாள் முன்பு, அதே நீதிமன்றம் கே.ஆர்.எஸ். என்ற ஈரானியரின் வழக்கில், அவரைப் பிரிட்டன் கிரீஸுக்கு அனுப்பலாம் என்று விட்டது. கிரீஸும் மனித உரிமை உடன்படிக்கையில் கையெழுத்திட்ட நாடு, கடமையைச் செய்யும் என்று வைத்துக்கொள்ள வேண்டும் என்பதே காரணம். பெல்ஜியம் இதைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டது.

தீர்ப்பு

17 நீதிபதிகள் கொண்ட பெரிய அமர்வு 2011 ஜனவரி 21 அன்று தீர்ப்புச் சொன்னது. இந்த நீதிமன்றம் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் அல்ல, ஐரோப்பிய மன்றம் என்ற வேறு அமைப்பைச் சேர்ந்தது. பலர் குழப்பிக்கொள்வதால் சொல்கிறேன். அது காக்கும் உடன்படிக்கையின் முதல் பிரிவு, ஒரு நாட்டின் அதிகார வரம்புக்குள் இருக்கும் ‘எல்லோருக்கும்’ உரிமைகளைத் தருகிறது. குடிமகனா, பத்திரம் இருக்கிறதா என்று கேட்பதில்லை. சித்திரவதையையும் மனிதத்தன்மையற்ற, இழிவான நடத்தையையும் தடுக்கும் மூன்றாம் பிரிவுக்கு விதிவிலக்கே கிடையாது.

கிரீஸ் மீதான முடிவில் பெரிய சிக்கல் எழவில்லை. அடைத்து வைத்த நிலை மூன்றாம் பிரிவை மீறியது, இதில் எல்லா நீதிபதிகளும் ஒன்று. பூங்காவில் மாதக்கணக்கில் சாப்பாடும் குளிக்க இடமும் கூரையும் இல்லாமல் விட்டதும் அதே பிரிவை மீறியது, இதில் 16க்கு 1. வறுமையில் விடுவதை இழிவான நடத்தை என்று சொல்லும் அளவுக்கு நீதிமன்றம் போனது பெரிய அடி. புகலிட விண்ணப்பத்தை ஒழுங்காக விசாரிக்கும் நடைமுறையே இல்லாததால், பயனுள்ள நிவாரணம் தரும் 13ஆம் பிரிவும் மீறப்பட்டது.

பெல்ஜியம் மீதான முடிவுதான் ஐரோப்பாவை உலுக்கியது. கிரீஸுக்கு அனுப்பியது எங்கள் விருப்பமல்ல, ஒன்றியத்தின் சட்டம் கட்டாயப்படுத்தியது என்று பெல்ஜியம் சொல்ல முடியவில்லை. அந்த ஜன்னல் நினைவிருக்கிறதல்லவா? விண்ணப்பத்தைத் தானே விசாரிக்கப் பெல்ஜியத்துக்கு வழி இருந்தது. வழி இருந்தும் அனுப்பியதால் அது பெல்ஜியத்தின் சொந்த முடிவு, அதற்கான பொறுப்பும் பெல்ஜியத்துடையது. கிரீஸின் சட்டப் புத்தகத்தில் நல்ல விதிகள் இருந்தன என்பது போதாது. அவை அங்கே எப்படி நடைமுறையாகின்றன என்று அனுப்பும் நாடு தானே சரிபார்த்திருக்க வேண்டும். நிரூபிக்கும் சுமையை முழுக்க அந்த ஆள் தலையில் கட்ட முடியாது. ஜூன் 4 தாளும் உத்தரவாதம் ஆகாது, அது யாருக்கும் பொருந்தும் அச்சு வாசகம்.

பிரிட்டிஷ் நீதிபதி நிக்கோலஸ் பிராட்ஸா இதில் உடன்படவில்லை. அவர் வாதத்தை லேசாகத் தள்ளிவிட முடியாது. கே.ஆர்.எஸ். வழக்கில் கிரீஸுக்கு அனுப்பலாம் என்று நாமே சொன்னோம், இவருக்கு இடைக்காலத் தடையையும் நாமே மறுத்தோம், பிறகு 2009 ஜூனில் பெல்ஜியத்துக்கு மட்டும் எப்படித் தெரிந்திருக்க வேண்டும் என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் கே.ஆர்.எஸ். தீர்மானத்துக்கும் ஜூன் மாத விமானத்துக்கும் நடுவில் அந்த ஏப்ரல் 2 கடிதம் இருக்கிறது. அமைச்சரின் மேசைக்கே வந்து ‘அனுப்பாதீர்கள்’ என்று சொன்ன கடிதம். பெரும்பான்மை நீதிபதிகள் அதற்குத்தான் மிகுந்த கனம் கொடுத்தார்கள். எனக்கும் அதுவே சரி என்று படுகிறது. தெரியாமல் செய்வது வேறு, தெரிவிக்கப்பட்ட பிறகு செய்வது வேறு. எம்.எஸ்.எஸ்.ஸை அனுப்புவதை நீதிமன்றம் முன்பு தன் கையாலேயே தடுத்து நிறுத்தியிருக்கலாம் என்ற உறுத்தலும் எனக்கு உண்டு.

இழப்பீடாகக் கிரீஸ் 1,000 யூரோ, பெல்ஜியம் 24,900 யூரோ. கிரீஸுக்கு ஏன் இவ்வளவு குறைவு என்று தோன்றும், அவர் தரப்பு கிரீஸிடம் கேட்டதே அவ்வளவுதான். பணத்தைவிட முக்கியமான ஓர் உத்தரவும் இருந்தது: இவர் விண்ணப்பத்தைக் கிரீஸ் தாமதமின்றி முறையாக விசாரிக்க வேண்டும், அதுவரை நாடுகடத்தக் கூடாது.

பிறகு

டப்ளின் வழியில் கிரீஸுக்கு ஆட்களை அனுப்புவதைப் பெரும்பாலான நாடுகள் நிறுத்தின. அதே ஆண்டு டிசம்பர் 21 அன்று ஒன்றியத்தின் சொந்த நீதிமன்றமும், என்.எஸ். என்ற இன்னொரு ஆப்கானியரின் வழக்கில், புகலிட அமைப்பே சீர்குலைந்திருக்கும் நாட்டுக்கு ஆளை அனுப்பக் கூடாது என்றது. 2014 நவம்பரில் ஸ்ட்ராஸ்பூர்க் இன்னும் ஒரு படி போனது: ஆறு குழந்தைகளுடன் இருந்த ஓர் ஆப்கான் தம்பதியை சுவிட்சர்லாந்து இத்தாலிக்கு அனுப்புமுன், அந்தக் குடும்பத்துக்கென்றே தனி உத்தரவாதம் வாங்க வேண்டும். கிரீஸுக்குப் படிப்படியாக மறுபடி அனுப்பத் தொடங்கலாம் என்று ஐரோப்பிய ஆணையம் பரிந்துரைத்தது 2016 டிசம்பரில்தான். அதிலும் தனித்தனி உத்தரவாதம் வேண்டும், துணையில்லாத சிறுவர்கள் கூடாது என்ற நிபந்தனைகளோடு.

2014 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த டப்ளின் மூன்றில், சீர்குலைந்த நாட்டுக்கு அனுப்பக் கூடாது என்ற விதி நேரடியாகவே எழுதப்பட்டது. விண்ணப்பதாரருக்குப் புரியும் மொழியில் தகவல், நேர்முக இன்டர்வியூ, அனுப்பும் முடிவுக்கு எதிராக மேல்முறையீடு என்று மூன்றும் உரிமையாக வந்தன. படிவத்தில் இல்லாத அந்தக் கட்டம் கடைசியில் சட்டத்துக்குள் வந்தது என்று சொல்லலாம்.

2024இல் ஒன்றியம் டப்ளினையே மாற்றிப் புதிய விதியை நிறைவேற்றியது, 2026ஆம் ஆண்டின் நடுவிலிருந்து பொருந்துமாறு. அனுப்பும் முடிவை எதிர்த்து என்னென்ன காரணங்களுக்காக மேல்முறையீடு செய்யலாம் என்பதை அது சுருக்கிவிட்டது. அவகாசம் ஒரு வாரத்திலிருந்து மூன்று வாரத்துக்குள். அனுமதிக்கப்பட்ட காரணங்கள் மூன்று: அனுப்பப்படும் இடத்தில் மனிதத்தன்மையற்ற நடத்தைக்கு உள்ளாகும் உண்மையான ஆபத்து, முடிவுக்குப் பிறகு ஏற்பட்ட முக்கிய மாற்றம், குடும்பத்தைச் சேர்த்து வைக்கும் விதிகளின் மீறல். இதில் முதலாவது, மிட்டிலினியில் ரேகை வைத்தவர் 2011இல் வென்றெடுத்த காரணம்.